தூண்டியவரும் எழுந்தவரும்

பிறரிடம் ஓர் உணர்ச்சியையோ செயலையோ எழச் செய்வதைச் சொல்லத் தமிழில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. தூண்டு, கிளப்பு, கிளறு, சீண்டு, உசுப்பு, மூட்டு, ஏவு, முடுக்கு, ஏற்று என்று அவை நீண்டுகொண்டே போகும். அகராதிகள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகக் காட்டும். பேச்சிலோ ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார மறுக்கும். இஞ்சிச் சாறு பசியைத் தூண்டும். பசியைச் சீண்டும் என்று யாரும் சொல்வதில்லை. உருளைக்கிழங்கு வாயுவைக் கிளப்பும், வாயுவை உசுப்பாது. அடங்கிப் போன பழம்பகையைக் கிளறுவார்கள். இல்லாத பகையைப் புதிதாக மூட்டுவார்கள். புரளியைக் கிளப்புவார்கள், ஆர்வத்தைத் தூண்டுவார்கள். இந்தத் தேர்வை ஐந்து வயதுப் பிள்ளையும் பிழையில்லாமல் செய்கிறது.

இவற்றுக்குள் உள்ள வேறுபாட்டைச் சூட்டின் அளவாகப் பார்ப்பதே வழக்கம்: தூண்டுவது இதமானது, சீண்டுவது எரிச்சலானது, மூட்டுவது ஆபத்தானது. அது பாதி உண்மை. பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதில்தான் இந்தச் சொற்கள் உண்மையில் பிரிகின்றன. தூண்டியவர் மீதா, தூண்டப்பட்டு எழுந்தவர் மீதா? ஒவ்வொரு வினையும் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தனக்குள் வைத்திருக்கிறது. வீட்டுச் சண்டை முதல் நீதிமன்றத் தீர்ப்பு வரை நாம் எந்த வினையை எடுக்கிறோமோ, அந்தப் பதிலையும் சேர்த்தே எடுக்கிறோம். நிகண்டுகள் இதில் அதிகம் உதவா. திவாகரத்தின் 12 தொகுதிகளில் செயல் பற்றிய பெயர்களுக்கென்றே ஒரு தொகுதி உண்டு. ஆனால் மனப்பாடத்துக்காகச் செய்யப்பட்ட அந்நூல்கள் சொற்களை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பிரிவினை தெரிய வேண்டுமானால் புழக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

தூண்டு என்ற சொல்லின் பழைய இடம் விளக்கு. எரிகிற திரி கருகி ஒளி மங்கும்போது அதை மேலே நெம்பிவிடுவது தூண்டுதல். நுந்துதல் என்ற சொல்லுக்கும் இந்தப் பொருள் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ‘நுந்தா விளக்கு’ அணையாமல் எரிவதற்காகக் கோயிலுக்கு விடப்பட்ட விளக்கு. அதற்கு நெய் வார்க்கப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக விட்டார்கள். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். தூண்ட வேண்டாத மணிவிளக்கு என்று அரிய மனிதரைப் புகழ்வதும் இந்த வழியில் வந்ததே. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. திரியில் நெருப்பு ஏற்கெனவே இருக்கிறது. தூண்டுகிற விரல் நெருப்பைக் கொண்டுவருவதில்லை. உள்ளதை மேலே ஏற்றுகிறது.

அதனால்தான் பள்ளியும் அறிவியலும் இந்தச் சொல்லை விரும்பி எடுத்துக்கொண்டன. சிந்தனையைத் தூண்டும் கேள்வி என்றால் சிந்தனை மாணவனுடையது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த நிகழ்வு நமக்கு மின்காந்தத் தூண்டல். காந்தம் கம்பியைத் தொடாமலே கம்பிக்குள் மின்னோட்டம் பிறக்கிறது. உயிரியலில் தூண்டலுக்கு உயிர் காட்டும் எதிர்வினையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் துலங்கல் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் தூண்டற்பேறு என்கின்றன. இரண்டும் நல்ல சொற்கள்தாம். ஆனால் தூண்டற்பேறு என்னும்போது எதிர்வினை தூண்டலின் விளைவாகிவிடுகிறது. துலங்கல் என்னும்போது அந்த உயிர் தானாக ஒன்றைச் செய்து காட்டுகிறது. தொட்டாற்சுருங்கி இலை மடிவதை இந்த இரண்டு சொற்களாலும் சொல்லிப் பார்த்தால் இலைக்குக் கிடைக்கும் இடம் மாறுவது தெரியும்.

நெருப்பைச் சேர்ந்த இன்னொரு குடும்பம் மூட்டு. இதற்கு இணையாக மூள் என்ற தன்வினை இருக்கிறது. போர் மூண்டது, போரை மூட்டினான். இந்த வகை வினைகளில் பல இப்படி இணையாகவே பிறந்தவை: எழு–எழுப்பு, கிளம்பு–கிளப்பு, கிளர்–கிளர்த்து, ஏறு–ஏற்று. ஒரு சிறு ஒலி மாற்றத்தில் செயலின் உரிமை கை மாறுகிறது. கோபம் மூண்டது என்றால் கோபம் தன் போக்கில் வந்தது. கோபத்தை மூட்டினார்கள் என்றால் அதற்கு ஓர் ஆள் இருக்கிறார். பத்திரிகைத் தமிழில் நிலைத்துவிட்ட ஆத்திரமூட்டு என்ற சொல்லை இதோடு வைத்துப் பார்க்கலாம். ஆத்திரம் + ஊட்டு என்று பிரித்தால் சிரிப்பூட்டு, வெறுப்பூட்டு போல அது சோறூட்டும் கையாகிறது. ஆத்திரம் + மூட்டு என்று பிரித்தால் அடுப்பு மூட்டும் கையாகிறது. புணர்ச்சி இரண்டையும் ஏற்கிறது. படிப்பவர் மனத்தில் இரண்டும் கலந்தே ஒலிக்கின்றன என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சொல்லின் கனத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பேச்சில் இந்தக் குடும்பம் இன்னும் பெரியது. பத்த வைப்பது, கொளுத்திப் போடுவது, நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. 1977இல் ‘16 வயதினிலே’ படம் வந்த பிறகு, கலகம் செய்பவனைப் ‘பத்த வைக்கிறான்’ என்று சொல்வது தமிழ்நாடு முழுக்கப் பொதுச்சொத்தாயிற்று. நெருப்பு வராத இடத்திலும் இந்த வேலைக்குச் சொல் உண்டு: சிண்டு முடிந்துவிடுவது. இரண்டு பேர் தலைமுடியை அவர்களுக்குத் தெரியாமல் ஒன்றாக முடிந்துவிட்டால், அசையும்போது ஒருவர் மற்றவரை இழுப்பதாகத்தான் இருவருக்கும் தோன்றும். முடிந்தவன் இருவர் கண்ணிலும் படமாட்டான். சினத்தின் மூலம் மறைந்திருப்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் தொடர் எனக்குத் தெரிந்து இல்லை.

கிளறு, கிண்டு, நோண்டு, குடை என்பவை விரலும் கோலும் படும் சொற்கள். அடியில் படிந்ததை மேலே கொண்டுவருவது இவற்றின் வேலை. வாயைக் கிண்டி விஷயத்தைப் பிடுங்குவது, பழைய கதையைக் கிளறுவது, நோண்டி நோண்டிக் கேட்பது. தூண்டுபவர் போல இவர்களும் உள்ளே இருப்பதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பவருக்கு அதில் சம்மதம் இல்லை. அதனால் கிளறியவர் பாவியாகிறார். உள்ளே அது கிடந்ததற்கு யாரும் யாரையும் குறை சொல்வதில்லை.

கிளப்பு என்பது ஓசையும் தூசியும் சேர்ந்த சொல். சந்தேகம், பீதி, சர்ச்சை, புரளி, பித்தம், வாயு ஆகியவை இதன் செயப்படுபொருள்கள். உண்மையைக் கிளப்பினார் என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் இதே சொல்லை இளைஞர்கள் புரட்டிப் போட்டுவிட்டார்கள். நன்றாகப் பாடியவரைப் பட்டையைக் கிளப்பிவிட்டார் என்கிறார்கள், அது மெய்யான பாராட்டு. இதன் உறவான கிளர்ச்சிக்கு வாழ்க்கை நேர்மாறாக அமைந்தது. 1938இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி என்று எழுதப்பட்டபோது அந்தச் சொல்லில் மக்கள் திரண்டெழுந்த கண்ணியம் இருந்தது. இன்று நாளிதழில் கிளர்ச்சியாளர்கள் என்று படித்தால் கையில் துப்பாக்கியோடு எங்கோ ஒரு நாட்டில் அரசை எதிர்ப்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். உள்ளூரில் நடப்பதற்குப் போராட்டம் என்ற சொல் வந்து உட்கார்ந்துவிட்டது.

விலங்குகளை நடத்துவதிலிருந்து வந்த சொற்கள் வேறு ரகம். மாட்டைத் தார்க்குச்சியால் முடுக்குவது, நாயை ஏவுவது, காளைக்குக் கொம்பு சீவி விடுவது. இவற்றை மனிதர்மீது பயன்படுத்தும்போது முடுக்கப்பட்டவருக்குச் சொந்தப் புத்தி இல்லை என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. உசுப்பு என்பது மதுரை, நெல்லைப் பக்கங்களில் தூங்குபவரை எழுப்புவதற்கான சாதாரணச் சொல். பிள்ளையை உசுப்பாதே என்பார்கள். அதோடு ஏற்று சேர்ந்து உசுப்பேற்று ஆனதும் அப்பாவித்தனம் போய்விட்டது. வடிவேலுவின் நகைச்சுவைக் காட்சிகள் அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தன. ஏற்று என்பது தனக்கென்றே ஒரு குடும்பம் வைத்திருக்கிறது: சூடேற்று, வெறியேற்று, முறுக்கேற்று, கடுப்பேற்று, சென்னையில் காண்டேற்று. ஆளை ஒரு பாத்திரமாகவோ கயிறாகவோ வைத்து, வெளியிலிருந்து ஒன்றை அவருக்குள் செலுத்துவதாக இவை சொல்கின்றன. யாழ்ப்பாணத்தில் வலியப் போய்ச் சண்டை பிடிப்பது கொழுவுதல், அந்தச் சண்டை கொழுவல். கொக்கியை மாட்டுவதும் அதே சொல்தான். அங்கே சொறிச்சேட்டை விடுபவர் தொந்தரவுக்காகவே வருபவர். இந்த இரண்டிலும் பழி முழுக்க முதலில் கை நீட்டியவருக்கே போகிறது.

இத்தனை வினைகளின் பின்னாலும் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு துணைவினையைத் தனியாகப் பார்க்க வேண்டும்: விடு. தூண்டினான் என்பதற்கும் தூண்டிவிட்டான் என்பதற்கும் உள்ள தொலைவு பெரியது. தூண்டினவர் அங்கேயே நிற்கலாம், தானும் சேர்ந்து செய்யலாம். தூண்டிவிட்டவர் நகர்ந்துவிட்டார். ஏற்றிவிடு, ஏவிவிடு, கிள்ளிவிடு, மூட்டிவிடு, சீவிவிடு ஆகிய எல்லாவற்றிலும் விடு தன் முழுப்பொருளோடு, அவிழ்த்துவிட்டுத் தள்ளி நிற்பதாக வருகிறது. பேச்சில் இந்த வினைகளுக்கு எழுவாயாக அதிகம் வருவது ‘யாரோ’. அவனை யாரோ நல்லா ஏத்தி விட்டிருக்காங்க. பெயர் தெரிந்தாலும் சொல்ல விரும்பாத இடத்தில் இந்த யாரோ உதவிக்கு வருகிறது.

இதில் எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. வீட்டுக்குள் இந்தச் சொற்கள் பெரும்பாலும் பெண்கள்மீதே விழுகின்றன. தம்பி பாகம் கேட்டால், அவன் பொண்டாட்டி ஏத்தி விட்டிருக்கா. மகன் தனிக்குடித்தனம் போனால், தலையணை மந்திரம். நாற்பது வயது ஆணுக்குத் தன் சொத்தைப் பற்றியோ தன் வாழ்க்கையைப் பற்றியோ சொந்தமாக ஓர் எண்ணம் வந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளாமலிருக்க இந்தத் தொடர்கள் வழி செய்கின்றன. மகனோடு உறவு அறாமல் காப்பாற்றிக்கொள்ள மருமகள் பலியாகிறாள். கம்பராமாயணத்தில் பட்டாபிஷேகச் செய்தி கேட்டுக் கைகேயி மகிழ்ந்து மந்தரைக்கு மாலை பரிசளிக்கிறாள். அதன் பிறகுதான் மனம் மாறுகிறாள். குற்றம் கூனியுடையதா கைகேயியுடையதா என்று கம்பன் விழா மேடைகள் பல தலைமுறைகளாக வழக்காடி வருகின்றன. வரத்தைக் கொடுத்த தசரதனின் பங்கு அந்த வழக்காடல்களில் பின்னால் போய்விடுவது தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை.

பொறுப்பைப் பங்கிடும் இந்தச் சிக்கல் நம் இலக்கணத்துக்குப் புதியதில்லை. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாவை இரண்டாகப் பிரித்தார்கள். கோயில் தச்சனால் கட்டப்பட்டது என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. அதே கோயில் அரசனால் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. ஒரு கல்லைக்கூட அரசன் தூக்கவில்லை; ஆனாலும் அவன் கருத்தாதான். இருவருக்கும் ‘ஆல்’ என்ற ஒரே உருபு. புகழென்றால் ஏவியவனுக்கே முழுதும் போய்ச் சேரும். கல்லணைக்குக் கரிகாலன் பெயரைச் சொல்லாத தமிழர் இல்லை. கல் சுமந்தவர் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. பழியென்று வரும்போதுதான் ஏவியவன் விலகி நிற்கப் பார்க்கிறான்.

சட்டம் அவனை விலக விடுவதில்லை, அல்லது விடக் கூடாது என்று பார்க்கிறது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 107ஆம் பிரிவில் உடந்தைக்கு மூன்று வழிகளைச் சொன்னது: ஏவுதல், சதியில் சேர்தல், தெரிந்தே உதவுதல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 45ஆம் பிரிவு. தற்கொலைக்குத் தூண்டுதல் முன்பு 306, இப்போது 108. தண்டனை பத்து ஆண்டுகள் வரை. ஏவுதல் என்றால் என்ன? 2001இல் சத்தீஸ்கரிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்ல ஒரே பொருள் தரும் வினைகளை அடுக்கிக் காட்ட வேண்டியிருந்தது: முடுக்குதல், முன்னே தள்ளுதல், சினமூட்டுதல், கிளர்த்துதல், ஊக்குதல் என்று ஐந்து. ஐந்தும் சேர்ந்தால்தான் பொருள் பிடிபடும் என்று நீதிபதிகளுக்கும் தோன்றியிருக்கிறது. கூடவே ஒரு வரம்பும் வைத்தார்கள்: விளைவை எண்ணாமல் கோபத்தில் வந்த சொல் ஏவுதல் ஆகாது. அடுத்த ஆண்டே மத்தியப் பிரதேச வழக்கொன்றில் அந்த வரம்பு சோதனைக்கு வந்தது. சண்டையில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் போய்ச் சாவு என்கிறார்; இரண்டு நாள் கழித்து அவர் தூக்கிட்டுக்கொள்கிறார். அந்தச் சொல் ஏவுதல் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். நம் வீடுகளில் நாள்தோறும் வீசப்படும் சொல் அது. சொன்னவர் கொலைகாரர் ஆகக் கூடாது என்பதை ஏற்கிறேன். கேட்டவருக்கு அது எத்தனையாவது முறை என்ற கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது.

அந்தக் கேள்வியை இன்னொரு பக்கத்திலிருந்து நீதிமன்றங்கள் எதிர்கொண்டிருக்கின்றன. கொலைக்கான விதிவிலக்குகளில் முதலாவது, கடுமையான, திடீரென நேர்ந்த ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்து செய்தது. அப்படியானால் அது கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று குறையும். 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. மனைவி உண்மையைச் சொன்ன பிறகு அவர் குடும்பத்தைத் திரையரங்கில் விட்டிருக்கிறார், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடந்திருக்கிறது. கொதிப்பு ஆற அது போதும் என்பது நீதிமன்றத்தின் முடிவு. இந்தியாவில் சொல்லும் சைகையும்கூடக் கடுமையான ஆத்திரமூட்டலாகலாம் என்றும், அதை அவரவர் சமூகச் சூழலில் வாழும் சராசரி மனிதரை வைத்தே அளக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

திடீர் என்ற சொல் ஆண்களின் கோபத்துக்கு வாகாகப் பொருந்துகிறது. பல ஆண்டுகள் அடியும் வசையும் வாங்கி, ஒரு நாள் பிள்ளைகளோடு கிணற்றில் குதிக்கும் பெண்ணின் கதை திடீர் என்பதற்குள் அடங்காது. தான் பிழைத்துப் பிள்ளைகள் இறந்தால் அவள் கொலைக் குற்றவாளி. 1989இல் அப்படி ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, நீடித்த ஆத்திரமூட்டலையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற இடத்துக்கு நீதிமன்றம் வந்தது. பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து அவமானப்பட்டுப் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காளின் பெயர் இத்தகைய வழக்குகளைப் பேசும் சட்ட எழுத்துகளில் இடம்பெறுகிறது. நாட்டுப்புறக் கதைப்பாடல் ஒன்றின் நாயகி சட்டச் சொல்லின் குறையைக் காட்ட வேண்டியிருந்தது. சீண்டல் ஒரு நொடியில் நடக்கலாம், இருபது ஆண்டுகளிலும் நடக்கலாம்.

எழுந்தது யார் என்ற கேள்வி அரசியலில் எவ்வளவு கனமானது என்பதற்கு 1908ஐவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி நகரம் கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். அப்போது தலைவர்கள் சிறையில் இருந்தார்கள்.

வழக்கு அவர்களுடைய மேடைப் பேச்சுகளின் மேல் நடந்தது. தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு அரசின்மீது வெறுப்பைக் கிளப்புவதைக் குற்றமாக்கியிருந்தது. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பில் சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல். வ.உ.சி.க்கு அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபது ஆண்டு. பேசியவருக்குப் பத்து, அவருக்கு உடந்தை என்று சொல்லப்பட்டவருக்கு இருபது! ஏவுதற் கருத்தாவை இயற்றுதற் கருத்தாவைவிடப் பெரிய குற்றவாளியாக ஓர் அரசு கண்டது இங்கே. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தார்.

அந்தத் தீர்ப்புக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: ஆலைத் தொழிலாளியும் வண்டிக்காரரும் கடைக்காரரும் தாமாகக் கோபம் கொள்ள மாட்டார்கள், படித்த வக்கீல் ஒருவர் முடுக்கினால்தான் உண்டு. வெள்ளையர் ஆவணங்களில் நடந்தது கலகம். அதற்குத் தூண்டியவர்கள் இருந்தாக வேண்டும். ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த நிகழ்வை ஆராய்ந்து எழுதிய நூலுக்குத் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்று பெயரிட்டார். 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. எழு என்ற தன்வினையிலிருந்து வந்த அந்தச் சொல், தெருவில் இறங்கிய மக்களிடம் அவர்கள் செயலைத் திருப்பித் தருகிறது. தலைவரும் அந்தத் தலைப்பில் இருக்கிறார், ‘உம்’ போட்டு, பக்கத்தில். ஒரு வரலாற்றாசிரியரின் நிலைப்பாடு தலைப்பின் இலக்கணத்திலேயே அமைந்திருப்பதாக நான் படிக்கிறேன்.

ஆனால் தன்வினையை எப்போதும் நம்பிவிட முடியாது. எந்த அரசும் தனக்குப் பிடிக்காத போராட்டத்தைத் தூண்டிவிடப்பட்டது என்கிறது. எந்தப் போராட்டக்காரரும் தம்முடையதைத் தன்னெழுச்சி என்கிறார். இதையாவது எதிரெதிர் வாதமாகப் படித்துக்கொள்ளலாம். நாளிதழ்களில் வரும் ‘மோதல் மூண்டது’, ‘கலவரம் வெடித்தது’ என்ற தொடர்கள்தாம் எனக்கு அச்சம் தருகின்றன. ஒரு தெருவுக்குள் புகுந்து குடிசைகளுக்குத் தீ வைத்த இரவையும் இப்படித்தான் எழுதுகிறார்கள். தூண்டியவரும் இல்லை, கொளுத்தியவரும் இல்லை. மழை பெய்ததுபோல மோதல் தானே மூண்டுவிடுகிறது. இரு பிரிவினரிடையே என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அடித்தவரும் அடிபட்டவரும் சமமாகியும் விடுகிறார்கள். சாதியின் பெயரைத் தவிர்ப்பது பதற்றத்தைக் குறைக்கும் என்ற பழைய எச்சரிக்கை இதற்குப் பின்னால் இருப்பது உண்மை. பெயரைத் தவிர்க்கலாம், வினையின் கருத்தாவைத் தவிர்க்க அது காரணமாகாது. ஒரு கும்பல் தீ வைத்தது என்று எழுதினால் எந்தப் பதற்றமும் கூடிவிடாது.

சட்டம் இந்த விஷயத்தில் செய்திமொழியைவிடத் தெளிவாக இருக்கிறது. கலகம் மூள வேண்டும் என்றோ மூளக்கூடும் என்று தெரிந்தோ சட்டவிரோதமான செயலால் ஒருவருக்கு ஆத்திரமூட்டுவது முன்பு 153ஆம் பிரிவு, இப்போது 192. கலகம் நடந்துவிட்டால் ஓராண்டு வரை, நடக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. அதாவது எதிரில் இருந்தவர் பொறுத்துக்கொண்டு பேசாமல் போனாலும் சீண்டியவரின் குற்றம் அழிவதில்லை, பாதியாகிறது. பொறுமைசாலிக்கு எதிரே நின்றது சீண்டியவரின் திறமையில்லை என்றாலும் சட்டம் அந்தப் பாதியைக் கழிக்கிறது. அது சரியா என்று வாதிடலாம். எழாமல் இருந்தவரின் அடக்கத்தை நம் அன்றாட வழக்கு கண்டுகொள்வதே இல்லை என்பதால், மீதிப் பாதியாவது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சீண்டு என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இது தீண்டு என்பதன் உடன்பிறப்பு. தொடுவதே அடிப்படைப் பொருள். பந்தியில் மீந்த பதார்த்தத்தை ஒருத்தரும் சீண்டவில்லை என்பார்கள். பாம்பு சீண்டிவிட்டது என்றால் கடித்துவிட்டது. தங்கையின் சடையை இழுத்துவிட்டு ஓடும் அண்ணன் அவளைச் சீண்டுகிறான். தொடாமல் விடுவதும் கடிப்பதும் விளையாடுவதும் ஒரே வினைக்குள் கிடக்கின்றன. அந்த நெகிழ்ச்சி பேச்சில் அழகு. செய்தியில் அது தீங்கு செய்கிறது. பேருந்தில் ஒரு பெண்ணின் உடலில் கை வைத்தவனைப் பற்றிய செய்திக்குப் ‘பாலியல் சீண்டல்’ என்று தலைப்பிடுகிறார்கள். அண்ணன் தங்கைச் சண்டையின் வாசனை அந்தச் சொல்லோடு கூடவே வருகிறது. அதைவிட மோசம், சீண்டல் என்றால் சீண்டப்பட்டவர் சீறுவதும் அந்த விளையாட்டின் பகுதி என்ற தோற்றம் வந்துவிடுகிறது; அவள் கத்தியது, செருப்பைக் கழற்றியது எல்லாம் அதன் சுவையான முடிவாகச் சொல்லப்படுகின்றன.

தமிழ்நாடு சட்டமன்றம் 1998இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியபோது அதன் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ இருந்தது, கேலியும் சீண்டலும் கலந்த அதே பொருளில். 2002இல் ஒரு திருத்தத்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயரை மாற்றினார்கள். துன்புறுத்து என்ற வினைக்கு எதிர்வினை எதுவும் தேவையில்லை. அவள் சீறினாலும், அழுதாலும், அடுத்த நிறுத்தத்தில் பேசாமல் இறங்கிப் போனாலும் செய்தவனின் செயல் அதே அளவில் நிற்கிறது. சட்டப் புத்தகம் கைவிட்ட சொல்லை நாளிதழ் மேசைகள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.